கப்பலைத் தேடி

செப்டம்பர் மாதம் 5-ந் தேதி நமக்குச் சற்றுத் தர்மசங்கடமான நாள். அன்று ஆசிரியர் தினம். இருபது வருஷமாகச் சரித்திரம் போதித்து வரும் நமக்கு அன்று பூச்செண்டு கிடைக்கும். “ஆசிரியரே தெய்வம்” என்று ஒரு பையன் பிரசங்கம் செய்வான். மறுநாள் அதே பையன் வீட்டுப் பாடம் எழுதாமல் வந்து தெய்வத்தின் பொறுமையைச் சோதிப்பான். அது போகட்டும். கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1872-ம் வருஷம் அவதரித்ததும் அதே தேதியில்தான். ஆகையால் அன்று நமது வகுப்பில் பூச்செண்டை மேஜையின்மீது வைத்துவிட்டு, சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதையைச் சொல்வது நமது வழக்கம்.

இந்த வருஷமும் சொன்னோம். வெள்ளையர் கப்பலுக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தமிழன் கப்பல் விட்டான் என்று குரலை உயர்த்திச் சொல்லி முடித்தபோது, கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு சின்னப் பையன் எழுந்து நின்றான்.

“சார், அந்தக் கப்பல் இப்போ எங்கே இருக்கு?”

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம். ஆனால் விடை சொல்லவில்லை. “அடுத்த வகுப்பில் பார்க்கலாம்” என்று நழுவிவிட்டோம். உபாத்தியாயர்கள் இப்படிச் சொன்னால் அதன் பொருள் என்ன என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷமாக எந்த ஊரின் கதையை முழங்கி வந்தோமோ அந்த ஊரை நாம் ஒரு தடவையாவது கண்ணால் கண்டதில்லை என்பதுதான் உண்மை. நமது ஊரோ புதுக்கோட்டைச் சீமையில் வானம் பார்த்த பூமி. அங்கே கப்பலைப் பற்றிப் பேசுவது, கண்மாயில் நின்று காவேரியைப் பற்றிப் பேசுவது போலத்தான்.

காலாண்டு விடுமுறை வந்தது. நாம், நமது இல்லாள், எட்டாம் வகுப்பில் படிக்கும் புத்திரி, நான்காம் வகுப்பில் படிக்கும் புத்திரன் ஆகிய நால்வரும் ஒரு நள்ளிரவில் திருச்சிராப்பள்ளியில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினோம்.

மணியாச்சியில் ஒரு நிமிஷம்

பொழுது விடியும் சமயத்தில் கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே கரிசல் பூமியும் பனைமரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. சிறிது நேரத்தில் வண்டி ஒரு ஜங்ஷனில் நின்றது. வாஞ்சி மணியாச்சி. 1911-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி, கலெக்டர் ஆஷ் துரை வாஞ்சிநாதனால் சுடப்பட்டது இந்த ஸ்டேஷனில்தான். சுட்ட கையாலேயே அந்த வாலிபனும் தன் உயிரை முடித்துக்கொண்டான். அவன் செய்கை சரியா தவறா என்று நாம் இங்கே விசாரிக்கப் புகவில்லை. காந்தி மகான் காட்டிய வழியில் பழகிவிட்ட மனம் அதை நினைத்துத் தயங்கத்தான் செய்கிறது. ஆயினும், கப்பலோட்டிய தேசபக்தரைச் சிறைக்கு அனுப்பிய அதிகாரவர்க்கத்தின்மேல் இந்தச் சீமை எவ்வளவு கொதித்துப் போயிருந்தது என்பதற்கு அந்தப் பெயர்ப் பலகையைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பிளாட்பாரத்தில் ஒருவர் காப்பி விற்றுக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது.

கப்பல் நின்ற இடம்

தூத்துக்குடி பார்வைக்குப் பகட்டான நகரம் அன்று. உப்புக் காற்றும் மீன் வாடையும் கலந்த தெருக்கள். மூட்டை ஏற்றிய லாரிகள். பண்டகசாலைகளின் நீண்ட சுவர்கள். 1914-ம் வருஷம் பாம்பன் பாலம் வருவதற்கு முன்னால், சென்னையிலிருந்து இலங்கை செல்லும் போட் மெயில் பிரயாணிகள் எல்லோரும் இந்த ஊர் வழியாகத்தான் கப்பல் ஏறினார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களும், கொழும்பில் கடை வைத்த வியாபாரிகளும் கடைசியாகத் தாய்நாட்டு மண்ணை மிதித்தது இந்தக் கரையிலேதான்.

நேராகப் பழைய துறைமுகத்துக்குப் போனோம். அங்கே மரத்தினால் செய்த பெரிய தோணிகள் வரிசையாக நின்றன. மாலத்தீவு, லட்சத்தீவு முதலிய இடங்களுக்கு இன்றும் அவை சரக்கு ஏற்றிச் செல்லுகின்றன. பாய்களுக்குப் பதிலாக இப்போது இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் உடல் என்னவோ பழைய மரந்தான். கரையில் நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். தோணியின் தலைவரை இங்கே ‘தண்டல்’ என்று அழைக்கிறார்கள். அவர் நாற்பது வருஷம் தண்டலாயிருந்து ஓய்ந்தவர்.

“சுதேசிக் கப்பல் எந்த இடத்தில் வந்து நின்றது, பெரியவரே?” என்று கேட்டோம்.

அவர் கிழக்கே கையை நீட்டினார். அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

“இங்க நிக்காது, சார்வாள். இது மேடான கடலு. பெரிய கப்பலு கரைக்கு வந்தா தட்டிப் போயிரும். அஞ்சாறு மைலு வெளியதான் நங்கூரம் போடும். ஆளையும் மூட்டையும் தோணிதான் கொண்டு போயி ஏத்தும். அந்தக் காலத்துல எந்தக் கம்பெனிக் கப்பலுன்னாலும் அதுதான் வழக்கம்.”

நமது புத்திரன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அவர் காட்டிய திசையை வெகு நேரம் பார்த்தான். நாமும் பார்த்தோம். வகுப்பில் எத்தனையோ தடவை அந்தக் கப்பலைத் தூத்துக்குடித் துறையில் கம்பீரமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்! அது துறைக்கு வரவேயில்லை என்பது நமக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தக் கதையை வாசகர்கள் அறிவார்கள். எனினும் கடலைப் பார்த்துக்கொண்டு நினைக்கும்போது அது வேறு மாதிரியாக இருந்தது. 1906-ம் வருஷம் பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி ஆரம்பமாயிற்று. பாண்டித்துரைத் தேவர் தலைவர். முதலில் வாடகைக் கப்பல். பிறகு பம்பாய்க்கும் பரதேசத்துக்கும் ஆள் அனுப்பி ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் சென்று, போதாததற்கு ஒரு குடையும் கொடுத்ததாம். குடைக்கு ஆசைப்படாமல், காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் யார்? பெயர் தெரியாத ஏழை ஜனங்கள். அவர்களும் இந்தக் கரையில் இறங்கி, தோணியில் ஏறி, அலையில் நனைந்துகொண்டு ஐந்தாறு மைல் போய்த்தான் அந்தக் கப்பலை அடைந்திருக்க வேண்டும். தேசபக்திக்கு அவர்கள் கொடுத்த விலை டிக்கெட்டுக் காசு மாத்திரம் அன்று.

பிறகு நடந்தது என்ன? 1908-ம் வருஷம் இவ்வூர்க் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிள்ளையவர்கள் துணை நின்றார்கள். மார்ச் 12-ந் தேதி கைதானார்கள். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, அப்பீலில் குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தது. கப்பல்கள் கைமாறிப் போயின. 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. பல ஊர்களில் பல தொழில்கள் செய்து வறுமையோடு போராடி, கடைசியில் இதே தூத்துக்குடிக்குத் திரும்பி வந்து, 1936-ம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி கண்ணை மூடினார்கள்.

பழைய துறையிலிருந்து புதிய துறைமுகத்துப் பக்கம் சென்றோம். 1974-ல் பெரிய துறைமுகமாகப் பிரகடனம் செய்யப்பட்டது இது, 2011-ல் வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. கடலுக்குள் நெடுந்தூரம் கல்லணை போட்டு, எந்தக் கப்பலும் கரையை அணையும்படி செய்திருக்கிறார்கள். பக்கத்தில் முயல் தீவு. பெயர்தான் தீவு, இப்போது கரையோடு சேர்ந்துவிட்டது. அங்கே கலங்கரை விளக்கமும், குழந்தைகள் ஓடியாட அலை அடங்கிய கடற்கரையும் இருக்கின்றன. நமது இல்லாள் மணலில் உட்கார்ந்து மக்ரூன் டப்பாவைத் திறந்தாள். முட்டையின் வெள்ளைக்கருவும் முந்திரிப் பருப்பும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் இந்தத் தின்பண்டம் தூத்துக்குடியின் தனிச் சொத்து. வாயில் போட்டால் கரைகிறது. ஊருக்குக் கொண்டுபோவதற்கென்று வாங்கிய டப்பா முயல் தீவிலேயே காலியானதால், ‘காலியா’ கப்பலை நேரில் கண்டுவிட்டதாக நமது புத்திரன் அறிவித்தான்.

எதிரே கடலில் வான் தீவு முதலிய சிறு தீவுகள் உள்ளன. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையில் உள்ள 21 தீவுகளையும் 1986-ல் தேசியக் கடற்பூங்காவாக ஆக்கினார்கள். ஆனால் அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததன் பலன், தீவுகளுக்கு அரண் போய், இரண்டு தீவுகள் நீருக்குள் மறைந்துவிட்டன. வான் தீவும் சுருங்கிக்கொண்டே வந்ததால், அலையைத் தடுக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். அந்தத் தீவுகளில் நாம் கால் வைப்பதற்கில்லை. கால் வைக்காமலிருப்பதுதான் அவற்றுக்கு நாம் செய்யும் உபகாரம்.

வெள்ளை வயல்

இரண்டாம் நாள் அதிகாலையில் உப்பளம் பார்க்கப் புறப்பட்டோம். குஜராத்துக்கு அடுத்தபடியாக நமது தேசத்துக்கு உப்பிடுவது இந்தச் சீமைதான். வெயில் ஏறுமுன் போவது நல்லது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும், தலைக்குத் துண்டும், கையில் குடிநீரும் அவசியம்.

கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்பு. அந்த நீரையோ, பூமிக்கடியிலுள்ள உவர் நீரையோ இறைத்து, ஒன்றிலிருந்து ஒன்றாகப் பல பாத்திகளில் பாய்ச்சுகிறார்கள். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க, முதலில் ஜிப்சம் படிகிறது. அதைப் பின்தங்க விட்டு, முறுகிய நீரைக் கடைசிப் பாத்திக்குக் கொண்டுவந்தால் அங்கே உப்புப் பூக்கிறது. இன்னும் வற்ற விட்டால் கசப்பு உப்பும் சேர்ந்துவிடும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். எப்போது வடிப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. நமது புத்திரி தன் விஞ்ஞானப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் படித்ததை அரை மைல் நீளத்துக்கு அங்கே கண்டாள்.

பாத்தியில் ஆண்கள் நீண்ட கழியில் பலகை பொருத்தி உப்பை வாரி ஒதுக்க, பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வரப்பின்மேல் குவித்துக்கொண்டிருந்தார்கள். இரவு மூன்று மணிக்கே வந்துவிடுவார்களாம். சூரியன் மேலே வந்ததும் அந்த வெண்மை கண்ணைக் குத்தியது. இளைப்பாற வரப்பில் உட்கார்ந்த ஓர் அம்மாளின் பாதங்களை நமது புத்திரி பார்த்தாள். உப்பு நீரில் ஊறி, வெடித்து, வெளுத்துப் போயிருந்தன.

மேற்கே சிறிது மேகம் கட்டியிருந்தது. நமது ஊர்ப் பழக்கத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. “இந்த வருஷமாவது நல்ல மழை பெய்ய வேண்டும். எங்கள் ஊரில் மழைக்காகக் கோயில் கோயிலாகப் பூஜை செய்கிறோம்” என்றோம்.

அந்த அம்மாள் நம்மை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமாக அல்ல, சிறு பிள்ளையைப் பார்ப்பது போல.

“மழை வந்தா பாத்தியெல்லாம் கரைஞ்சுரும், ஐயா. மூணு மாசத்துக்கு எங்களுக்கு வேலை கிடையாது. மழை வேணும்னு கும்பிட்டா எங்க வாயில நாங்களே மண்ணு போட்டுக்கிட்ட மாதிரி. வேண்டாம்னு கும்பிட்டா குடிக்கத் தண்ணி இல்லை. நாங்க சாமிகிட்ட என்னான்னு கேக்க, சொல்லுங்க?”

நமக்கு நாக்கு எழவில்லை. 1930-ம் வருஷம் ஏப்ரலில் ராஜாஜி அவர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ளிய சரித்திரத்தை நாம் வருஷந்தோறும் போதிக்கிறோம். உப்பு வரி எத்தனை அநீதி என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறோம். ஒரு பிடி உப்பு ஒரு சாம்ராஜ்யத்தை அசைத்தது என்று சொல்லும்போது உடல் சிலிர்க்கும். அந்த ஒரு பிடியைப் பாத்தியிலிருந்து வாரும் கையைப் பற்றி ஒரு நாளாவது ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

“தாயி, வெயில்ல நிக்காத. தலையில துணியப் போடு” என்று நமது புத்திரியிடம் சொல்லிவிட்டு அந்த அம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒட்டப்பிடாரமும் கொற்கையும்

அன்று மாலையில் பாஞ்சாலங்குறிச்சியைப் பார்த்தோம். நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். 1799-ல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801-ல் ஊமைத்துரையின் போருக்குப் பிறகு கோட்டை தரைமட்டமானதும் எல்லோரும் அறிந்தவை. இப்போது நாம் காண்பது 1974-ல் அரசாங்கத்தார் எழுப்பிய நினைவுக் கோட்டை. பக்கத்திலேயே ஒட்டப்பிடாரத்தில் பிள்ளையவர்கள் பிறந்த இல்லம் நினைவகமாகத் திகழ்கிறது. மேலும் சிறிது தூரம் போனால் எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர். கல்கி அவர்களின் முயற்சியால், தமிழ் ஜனங்கள் கொடுத்த பணத்தைக் கொண்டு 1947-ல் எழும்பிய மணிமண்டபம் அங்கே இருக்கிறது. ஒரு வண்டி அமர்த்திக்கொண்டால் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம்.

மூன்றாம் நாள் தெற்கே சென்றோம். திருச்செந்தூர்ச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வாழைத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே ஒரு சின்னக் கிராமம். ஒரு குளம், ஒரு பழைய வன்னிமரம், சில கோயில்கள். இதுதான் கொற்கை! பாண்டியருடைய புராதனத் துறைமுகம். யவன மாலுமிகள் எழுதி வைத்த முத்துக் குளிக்கும் பட்டினம். தாமிரபருணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலை ஆறேழு கிலோமீட்டர் தள்ளிவிட்டது. கப்பல் நின்ற இடத்தில் இப்போது வாழை குலை தள்ளி நிற்கிறது. கொற்கை போனபின் பழையகாயல், அதற்குப் பின் புன்னைக்காயல், அதற்கும் பின்புதான் தூத்துக்குடி. முத்துக் குளிப்பும் 1961-ம் வருஷத்தோடு நின்றுவிட்டது. சங்கு குளிப்பு மட்டும் இருக்கிறது.

திருச்செந்தூரில் செந்திலாண்டவனைத் தரிசித்து, கடலருகே நன்னீர் ஊறும் நாழிக்கிணற்றில் நீராடி, மாலையில் மணப்பாடு சேர்ந்தோம். கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்று. உச்சியில் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். கீழே சவேரியார் தங்கியிருந்த குகை. ஒரு புறம் அலை மோதும் கடல், மறு புறம் பிறைபோல் வளைந்த அமைதியான நீர். பரதவர் வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தில் அங்கே நின்றது மறக்கத் தக்கதன்று. நேரமில்லாதவர்கள் வேறு எதை விட்டாலும் மணப்பாட்டை விடவேண்டாம்.

விடை

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாளே அந்தப் பையனை எழுப்பி நிறுத்தினோம்.

“நீ கேட்டதற்கு விடை கொண்டுவந்திருக்கிறேன். கப்பல் இல்லை. அதன் பலகை ஒன்றுகூட அந்த ஊரில் நம் கண்ணில் படவில்லை. ஆனால் அவர் சிறையிலே இழுத்த செக்கு இருக்கிறது. சென்னையில் காந்தி மண்டபத்து வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம்” என்றோம்.

பையன் சற்று யோசித்தான். “கப்பலை வச்சிருந்திருக்கலாம், சார்” என்றான். உட்கார்ந்துகொண்டான். இந்தத் தடவை வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை நமது ஊரில் வானம் இருண்டு, இடி இடித்து, கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. தெருவெல்லாம் சந்தோஷ ஆரவாரம். நமது புத்திரன் நனைந்துகொண்டு குதித்தான். இல்லாள் அண்டாவைக் கூரைத் தண்ணீருக்கு நேராக இழுத்து வைத்தாள். புத்திரி மட்டும் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அங்கேயும் மழை பெய்யுமா?” என்றாள்.

“பெய்யும் என்றுதான் நினைக்கிறேன், அம்மா.”

“அப்படியென்றால் பாத்தியெல்லாம் கரைந்திருக்கும்” என்றாள்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. மழை நல்ல மழை. கண்மாய் நிரம்பும் மழை. அதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வேண்டும் என்று சொல்லவும் முன்போல் வாய் வரவில்லை.